கை நல்லாயிருக்கு

“சட்டைப் பட்டனை நீ போட்டு விட்டேன்னு வாயைத் திறந்துடாத செல்வி. அப்புறம் வேலை போச்சு.”

“சோறு ஊட்டி விட்டதையும் சொல்லலை, போதுமா?” கேலியாகத்தான் ஆரம்பித்தாள் அன்புச்செல்வி. முடிப்பதற்குள் குரல் இறங்கிவிட்டது.

முருகையன் சிரிக்கவில்லை. ரைஸ்மில் பெல்ட்டில் வலது கை சிக்கியதிலிருந்து வீட்டில்தான் கிடக்கிறான். கூட மூட்டை தூக்கும் வேணு காலையில் போன் செய்திருந்தான். “இன்னைக்கு ஆள் வராங்களாம்ண்ணா. உன் கையைப் பாத்துட்டுத்தான் முடிவு பண்ணுவாங்களாம்.”

மில்லில் திரும்ப எடுப்பார்களா, மாட்டார்களா? முருகையனுக்கு வேறு நினைப்பே இல்லை.

வாசலில் நிழல் விழுந்தது.

“முருகையன் வீடுதானே? உங்க முதலாளியைப் பாத்துப் பேசிட்டுதான் வரேன். நாளைக்குப் பௌர்ணமின்னு இப்பவே கிரிவலப் பாதையில தடுப்பு வெச்சுட்டாங்க. அடி அண்ணாமலைக்கு வந்து சேர்றதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு.”

பேச்சு எங்கோ இருந்தாலும், வந்தவரின் கண் முருகையனின் கையிலேயே இருந்தது.

“கை எப்படி இருக்கு?”

“நல்லாயிருக்குங்க சார்.”

“வலி ஜாஸ்தியா?”

“சுத்தமா இல்லைங்க.”

“பட்டன்லாம் யாரு போட்டு விடறது?”

“நானேதாங்க.”

செல்வி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வந்தவர் சட்டைப் பட்டன்களை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். நம்பவில்லையோ?

“வலிச்சா சொல்லுங்க, மறைக்காதீங்க. உங்க நல்லதுக்குத்தான் கேக்கறேன்.”

இப்படி நைசாகப் பேசித்தான் வாயைப் பிடுங்குவார்கள். முருகையன் எழுந்தான். மூலையில் இருந்த கேஸ் சிலிண்டரை வலது கையாலேயே பற்றித் தூக்கினான். விரல் நுனியிலிருந்து தோள்பட்டை வரை நெருப்பு ஓடியது.

“ஏங்க...”

“நீ சும்மா இரு.” கடித்த பல்லைச் சிரிப்பாக்கினான். “பாத்தீங்களா சார்?”

“அட! இவ்வளவு தேறிட்டீங்களா!” வந்தவரின் முகம் மலர்ந்தது. கையிலிருந்த காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சிலிண்டரை இறக்கிவிட்டு முருகையன் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

“அப்ப நான் எப்ப வேலைக்கு வரட்டும் சார்?”

“அதை எங்கிட்ட கேட்டா? உங்க இடத்துக்கு வேற ஆளைப் போட்டுட்டதா இல்ல முதலாளி சொன்னாரு!” வந்தவர் செருப்பை மாட்டிக்கொண்டார். “நான் தொழிலாளர் காப்பீட்டு ஆபீசுங்க. இந்தக் கை இனிமே வேலைக்கு ஆகாதுன்னா ஆயுசுக்கும் மாசா மாசம் பணம் வரும், அதுக்கு எழுதிட்டுப் போகத்தான் வந்தேன். நல்லவேளை, உங்களுக்கு அது தேவைப்படல.”