மூன்றாவது விண்ணப்பம்

“அரசாங்கப் பணத்தை உங்க ஆராய்ச்சிக்கு எதுக்காகத் தரணும்? மூணு நிமிஷத்துல சொல்லுங்க.”

நாற்காலியில் சாய்ந்தபடி அந்த அம்மாள் கேட்டதும் டாக்டர் அவசர அவசரமாக விண்ணப்பத்தைப் புரட்டினார்.

“மேடம், எங்க ஆஸ்பத்திரியில மார்பகப் புற்றுநோய்க்கு வர்றவங்கள்ல நிறையப் பேர் சிகிச்சையைப் பாதியில விட்டுடறாங்க. வீட்டுக்குப் பக்கத்துலயே வண்டியைக் கொண்டுபோய் மருந்து ஏத்தினா முழுசா முடிப்பாங்களான்னு பார்க்கப் போறோம். பாதிச் செலவை ஒரு துணிக் கம்பெனி ஏத்துக்குது. மீதியை அரசாங்கம் தந்தாத்தான் அவங்களும் தருவாங்க.”

“கம்பெனிக்கு இதுல என்ன லாபம்?”

“விளம்பரம்தான், மேடம்... ஐயோ, அதைச் சொல்லக் கூடாதோ?”

“தாராளமாச் சொல்லுங்க. வண்டி பூரா அவங்க பேரை எழுதிக்கட்டும், மருந்து போய்ச் சேர்ந்தா சரி.”

“இங்கேயே இப்படி முழிச்சா நாளைக்கு அங்கே போய் என்ன பண்ணுவீங்க, டாக்டர்?” என்று சிரித்தபடி வந்த நர்ஸ், அந்த அம்மாளின் கையில் ஏறிக்கொண்டிருந்த மருந்தைச் சரிபார்த்தாள்.

நாளைய நேர்காணலுக்கு ஒத்திகை பார்க்க டாக்டருக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. “முப்பது வருஷம் அரசாங்கத்துல குப்பை கொட்டியிருக்கேன். என்ன கேப்பாங்கன்னு எனக்குத் தெரியும்” என்று இந்த நோயாளி அம்மாள்தான் வலிய வந்தார். மருந்து ஏறி முடிய மூன்று மணி நேரம் ஆகும். அவருக்கும் பொழுது போக வேண்டுமே.

அவர் காலியாகக் கிடந்த பக்கத்து நாற்காலியைக் காட்டினார். “இதுல உட்கார்ற தையல்காரம்மா ஏன் ரெண்டு தடவையா வரலை?”

“ரெண்டு பஸ் மாறி வரணும். கூட வந்தா வீட்டுக்காரருக்கு அன்னிக்குக் கூலி போச்சு. போன தடவை பஸ்லயே வாந்தி எடுத்துட்டாங்களாம். இனிமே வரலைன்னு போன்ல அழுதாங்க.”

“இதை விட்டுட்டு என்னத்தையோ வாசிக்கிறீங்களே! முதல்ல இதைச் சொல்லுங்க.”

டாக்டர் மறுபடி ஆரம்பித்தார். தையல்காரம்மாவில் தொடங்கி, காகிதத்தைப் பார்க்காமலே மூன்று நிமிடத்தில் முடித்தார். நர்ஸ் கைதட்டினாள்.

ஆனாலும் டாக்டரின் முகம் தெளியவில்லை.

“நேர்ல கூப்பிட்டிருக்கிறதே இதுதான் முதல் தடவைம்மா. ரெண்டு வருஷமா ‘தேவை நிரூபிக்கப்படவில்லை’ன்னு ஒரே வரியில திருப்பி அனுப்பிட்டாங்க. கீழே கோழி கிறுக்கின மாதிரி ஒரு கையெழுத்து. தலைமை அதிகாரி யாரோ ஒரு அம்மாவாம். எந்தப் புண்ணியவதியோ, சரியான கல்நெஞ்சுக்காரி!”

அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்த கண்ணில் நீர் வந்துவிட்டது. தலையில் கட்டிய துணி நழுவியதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

“நாளைக்கு அந்த அம்மா அங்கே இருக்க மாட்டாங்க. தைரியமாப் போயிட்டு வாங்க.”

“அது எப்படி உங்களுக்குத் தெரியும்?”

“நான்தான் லீவுல இருக்கேனே, டாக்டர்!”