நஞ்சுக்கொடி

"கேக்காம எடுக்கேலா, டொக்டர். அது பிள்ளைக்குச் சொந்தமானது."

மட்டக்களப்பில், பிரசவ அறை வாசலில் வழிமறித்து நின்றான் கோணலிங்கம். உள்ளே அவன் மனைவிக்கு வலி கூடிக்கொண்டிருந்தது. டொக்டர் சாருமதி பொறுமையை இழுத்துப் பிடித்தாள்.

"கேக்கத்தானே வந்திருக்கன். நஞ்சுக்கொடியை ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்குத் தாங்க. இல்லாட்டி எரிச்சுப்போடுறதுதான்."

"எரிக்கிறதா? மூத்ததுகள் மூண்டுக்கும் நான்தான் கிடங்கு வெட்டிப் புதைச்சன். கொடி கிடக்கிற மண்ணிலதான் பிள்ளை நிலைக்கும்."

இந்தக் கிழமை இது ஐந்தாவது மறுப்பு. சாருமதி படிவத்தை மடித்தாள்.

"சரி, வேணாம். வழியை விடுங்க."

அவன் நகரவில்லை.

"கொண்டுபோய் எங்க வைப்பீங்க?"

"கொழும்பில, குளிரறையில. இருபது வருசம்."

"அவ்வளவு காலமும் ஒரே இடத்திலயா?"

"ஓம்."

கோணலிங்கம் படிவத்துக்குக் கை நீட்டினான்.

"மூத்தவன்ட கொடி கிடந்த வாகரை வளவைக் கடல் கொண்டுபோயிற்று. ரெண்டாவதுட கொடிக்கு மேல இப்ப ஆமிக் காம்ப். மூண்டாவதுக்கு அகதி முகாமில, எங்கட கூடாரத்துக்குப் பின்னால புதைச்சன். நேத்து அங்கயிருந்தும் எழுப்பிட்டாங்க. இந்தப் பிள்ளையாவது ஒரு இடத்தில நிலைக்கட்டும், டொக்டர். எங்க கையெழுத்து வைக்கிற?"