காற்றுக்கு ஆகாத வண்டி

மதியம் கரண்ட் போய்க் கிருமாம்பாக்கமே புழுங்கிக்கொண்டிருக்க, ஜெயசீலன் ஒருவன்தான் நிம்மதியாக இருக்கிறான். அவன் நெல் அறுக்கும் செயின் வண்டியின் டிரைவர். அறுப்பு இல்லாத நாட்களில் அதே வண்டியை உள்ளங்கை அளவில் அட்டையில் செய்கிறான். சக்கரங்களைச் சுற்றி ஓடும் செயினுக்கு மட்டும் எள்ளளவில் நூற்றுக்கணக்கான கண்ணிகள் தாம்பாளத்தில் பரந்து கிடக்கின்றன. மனைவி உஷாராணி புருவம் திருத்தும் இடுக்கியால் ஒன்றை எடுத்துப் பசையில் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டுகிறான். மூக்கு நுனியில் ஒரு வியர்வைத் துளி ஜன்னல் வெளிச்சத்தில் மின்னியபடி தொங்குகிறது. எதிரே உஷாராணி, அவன் கண்ணிகளை வெட்டியெடுத்த அட்டையால் விசிறிக்கொள்கிறாள். அட்டை முழுக்க ஓட்டை. “கரண்ட் இருந்தாலும் ஃபேன் போட வுடமாட்ட. இதுல இன்னா காத்து வரும்?” அவன் அடுத்த கண்ணியை எடுக்கிறான், வாயைத் திறந்தால் அது பறந்துவிடும். பக்கத்து வீட்டு டிவி திடீரென்று அலறுகிறது. இருவரும் ஒன்றாக அண்ணாந்து பார்க்கிறார்கள். கரண்ட் போன சந்தோஷத்தில் வேலைக்கு உட்கார்ந்தவன், ஃபேன் சுவிட்சை அணைக்க மறந்திருக்கிறான். ஃபேனின் இறக்கைகள் சோம்பலாக நகர்கின்றன. ஓரத்துக் கண்ணி ஒன்று புரள்கிறது. சட்டென்று உஷாராணி தாம்பாளத்தை இரண்டு கைகளாலும் வளைத்து, முந்தானையை மேலே விரித்துக் கவிழ்ந்துகொள்கிறாள். அவளுடைய ஈரப் பிடரியில் ஒட்டியிருந்த முடி மெல்ல விடுபட்டு அசைகிறது. ஜெயசீலன் சுவிட்சை நோக்கி எழுகிறான். “இருய்யா,” என்கிறாள், தலையைத் தூக்காமலே. “கொஞ்ச நேரம் ஓடட்டும்.”