கெசியா காளான் பண்ணைக்கு வழி

"அண்ணாச்சி, கெசியா காளான் பண்ணை இதுதானே? மேப்பு இங்கனதான் கொண்டாந்து விட்டுட்டு!"

ஏரல் பக்கம், தன் வீட்டு வாசலில் வந்து நின்ற காரைப் பார்த்ததும் அருமைநாயகத்துக்கு முகமெல்லாம் பல். ரிட்டயர் ஆனதிலிருந்து அவர் பேச்சைக் கேட்க ஆள் கிடையாது. மனைவி பெர்சிஸ்கூட கல்யாணமான மறுவருசமே கேட்பதை நிறுத்திவிட்டாள். இப்போது இரண்டு மாதமாகத் தினமும் நாலைந்து கார்கள்!

"மேப்புக்குக் கண்ணு தெரியல தம்பி. பண்ணை இன்னும் ரெண்டு மைல் போகணும். எம்புட்டு வாங்கப் போறிய?"

"கால் கிலோ. சால்னாவுக்கு," என்றான் துபாயிலிருந்து லீவில் வந்திருந்த ரசீத். பக்கத்தில் அவன் மனைவி ஷம்ஸியா.

"கால் கிலோவா! அங்க ஒத்தக் காளானே அதுக்கு மேல நிக்குமே! போன வாரம் பேய்மழை. கெசியா புருசன் ஜாஸ்பர் ஒரு காளானுக்கு அடியில நனையாம நின்னான். ஸ்கூட்டரோட!"

"ஆண்டவரே!" என்று வீட்டுக்குள்ளிருந்து பெர்சிஸின் குரல்.

"இவ ஒரு நாள் அதுல குழம்பு வச்சா. பத்து வருசமா பேசாத எங்க சம்மந்தி, பாளையங்கோட்டையில மோப்பம் புடிச்சு கையில தட்டோட வந்துட்டாரு!"

ஷம்ஸியா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"வழி, அண்ணாச்சி..." என்றான் ரசீத்.

"நேரா போங்க. வாழைத்தோப்பு முடிஞ்சதும் வாய்க்கால் பாலம். அங்கன பைய போகணும். நடுவுல ஒரு எருமை படுத்திருக்கும். ஹாரன் அடிச்சா அசையாது. 'மகாராணி'ன்னு மரியாதையா கூப்பிடுங்க, எந்திரிச்சு வழி விடும். பொறவு சோத்தாங்கைப் பக்கம் வைக்கோல் போர். அதை ஒட்டித்தான் பண்ணை."

கொஞ்ச நேரத்தில் அதே கார் திரும்பி வந்தது. பின்சீட் நிறையக் காளான் கூடைகள்.

"அண்ணாச்சி, மகாராணின்னு கூப்பிட்டேன். எந்திரிச்சிட்டு!"

"நெசமாவா?" அருமைநாயகமே ஆடிப்போனார்.

கார் நகர்ந்த புழுதி அடங்குமுன் கெசியாவின் ஸ்கூட்டர் வந்து நின்றது.

"மாமா, எங்களால உங்களுக்கு எம்புட்டுத் தொல்லை! கோயில்ல எல்லார்ட்டயும் பொலம்புனியளாமே. மன்னிச்சிருங்க. இன்னைக்கே மேப்பைச் சரி பண்ணிருதேன்."

அருமைநாயகத்துக்கு நெஞ்சு திக்கென்றது. அவர் கோயிலில் பெருமையடித்ததை எந்தப் பாவி புலம்பல் என்று போய்ச் சொன்னானோ!

"யாரு பொலம்புனா? எனக்கு ஒரு தொல்லையும் இல்ல."

"விடுங்க, சரி பண்ணட்டும்," என்றபடி பெர்சிஸ் வெளியே வந்தாள். "காளான் ஒரு நாள் தங்குமா? பறிச்ச அன்னைக்கே வித்தாகணும். வாரவங்களை எல்லாம் இங்கன நிறுத்தி வச்சு நீங்க கதை அளந்துக்கிட்டு இருந்தா, அந்தப் புள்ள பொழப்பு என்னத்துக்கு ஆகும்?"

"ஏட்டி, நீ சும்மா இரு! மேப்பு அவங்களை நேரா அங்க கொண்டுபோய் விட்டுட்டா, எருமை பேரை அவங்களுக்கு யாரு சொல்லுவா? பாலத்துல அத்தனை காரும் நின்னுபோவும்லா!"

கெசியா உதட்டைக் கடித்துக்கொண்டாள். "சரி மாமா. உங்களுக்காகத்தான். அப்படியே கிடக்கட்டும்."

"நல்லா இருப்பே தாயி!" அவர் கண் கலங்கியேவிட்டது.

பண்ணை வாசலிலேயே ஜாஸ்பர் பதறியபடி நின்றான். "என்னட்டி சொன்னாவ? மாத்தச் சொல்லிட்டாவளா?"

"மாத்தாதேன்னு கெஞ்சுதாவ!" ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, அதுவரை அடக்கி வைத்திருந்த சிரிப்பை எல்லாம் சேர்த்துச் சிரித்தாள் கெசியா. "மேப்புல இருந்த குறியை நம்ம வாசல்ல இருந்து எடுத்து மாமா வாசல்ல நான் வச்சதுக்கு அப்புறம், யாராவது கால் கிலோவோட போயிருக்காவளா?"