ரெண்டு பேரைத் தாங்கும் பலகை

"பலகையில யார ஏத்திக்கினு போன?" என்று கொளஞ்சியப்பன் மூன்றாவது முறையாகக் கேட்டார்.

தெய்வசிகாமணி காலில் ஒட்டியிருந்த ஏரிச் சேற்றைத் தரையில் தேய்த்தார்.

இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்துகொண்டிருந்த காலம். களமருதூர்ப் பக்கம் ஏரியை ஒட்டிய அந்த ஊரிலும் புளியமரங்களை வெட்டிச் சாலையின் குறுக்கே போட்டிருந்தார்கள். ஏரிக்கரை மேலும் ஆள் காவல். ஒரு வாரத்துக்கு யாரும் ஊரைவிட்டு வெளியே போகக் கூடாது என்று முடிவானது கொளஞ்சியப்பன் தலைமையில்தான்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் தெய்வசிகாமணி ஏரிக்குள் போனதை, காவலுக்கு நின்ற சின்னதுரை பார்த்துவிட்டான். போகும்போது பனிமூட்டத்தில் ரெண்டு தலை தெரிந்தது. திரும்பும்போது ஒன்றுதான் தெரிந்தது.

அதற்குத்தான் மறியல் முடிந்த மறுநாள் ஊர்க்கூட்டம்.

தெய்வசிகாமணி பத்து வருசம் மாமல்லபுரத்தில் ஒரு லாட்ஜில் வேலை பார்த்தவர். அங்கே அலைமேல் பலகை ஓட்ட வந்த வெள்ளைக்காரர்களோடு பழகி, தானும் கற்றுக்கொண்டார். ஊருக்குத் திரும்பியபோது அவர்கள் விட்டுப்போன மூன்று பலகைகளை லாரியில் போட்டுக்கொண்டு வந்தார். ஒன்று ஒன்பதடி நீளம். ஒன்று ஆறடி, மூக்கு கூராக இருக்கும். மூன்றாவது குட்டை. அகலமாக, மீன்வால் போலப் பின்பக்கம் பிளந்திருக்கும்.

கடல் இல்லாத ஊரில் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வார் என்று பார்த்தார்கள். ஏரி நிரம்பி, மிகைநீர் வெளியேறும் கலங்கலில் தண்ணீர் வழிந்தபோது, விழுகிற இடத்தில் ஓர் அலை எழும்பி அங்கேயே நின்றது. கூர்மூக்குப் பலகையில் ஏறி அதன்மேல் அரைமணி நேரம் நின்றார். வாய்க்கால் ஓட்டத்துக்கு மீன்வால் பலகை. காற்றில்லாத நாளில் நீளப் பலகையை எடுப்பார். மனைவி கண்ணகியை முன்னால் உட்கார வைத்து, மூங்கில் கழியால் தள்ளிக்கொண்டு ஏரியைச் சுற்றி வருவார்.

கூலிக்குப் போகிறவனுக்கு மூன்று பலகை எதற்கு என்று ஊர் சிரித்தது. ஏருக்கு ஒரு மாடு, வண்டிக்கு ஒரு மாடு வைத்திருக்கிறீர்களே, அது மாதிரிதான் என்பார். அவர் சிரிக்க மாட்டார்.

கூட்டத்தில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். போலீசுக்குத் தகவல் சொல்கிறவனை ஏற்றிக்கொண்டு போயிருப்பான் என்றார் ஒருவர். காசு வாங்கிக்கொண்டு வியாபாரியைக் கடத்தியிருப்பான் என்றார் இன்னொருவர். ஊரே கட்டுப்பட்டு உட்கார்ந்திருந்தபோது ஒருத்தன் மட்டும் துரோகம் செய்துவிட்டான் என்று கொளஞ்சியப்பன் பேசினார். ஆள் பெயரைச் சொன்னால் விட்டுவிடலாம், சொல்லாவிட்டால் ஏரியைக் கடந்த பலகையை அறுத்துவிட வேண்டியதுதான் என்று தீர்ப்பானது.

மூன்று பலகைகளையும் எடுத்துவந்து வேப்பமரத்தடியில் சாத்தினார்கள்.

"இதுல எது?" என்று சின்னதுரை கேட்டான்.

குட்டைப் பலகையைக் கைகாட்டியிருந்தால் நம்பியிருப்பார்கள். பனிமூட்டத்தில் போனது எந்தப் பலகை என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

"நீளமானதுங்க. மத்தது ரெண்டும் ரெண்டாளத் தாங்காதுங்க" என்றார் தெய்வசிகாமணி.

ரம்பத்தின் ஒருபக்கம் சின்னதுரை பிடித்தான். மறுபக்கம் கொளஞ்சியப்பனே பிடித்தார். பலகைக்குள் மரம் இல்லை. வெள்ளையாக ஏதோ நுரை மாதிரி இருந்தது. மாவு மாதிரிப் பறந்து ரெண்டு பேர் தலையிலும் படிந்தது. நாலு இழுப்பில் வேலை முடிந்துவிட்டது. இவ்வளவுதானா என்று கூட்டம் கலைந்தது.

தெய்வசிகாமணி ரெண்டு துண்டையும் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கண்ணகி அதுவரை அடக்கி வைத்திருந்ததைக் கொட்டினாள்.

"தங்கமணியத்தான் கொண்டுபோயி வுட்டேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அந்த ஆளு மூஞ்ச எங்க கொண்டுபோயி வச்சிக்குவாரு?"

தங்கமணி கொளஞ்சியப்பனின் ஒரே மகள். மறியலின் மூன்றாம் நாள் திருக்கோவிலூரில் சர்க்கார் கிளார்க் வேலைக்குப் பரீட்சை. ஊரில் நாலு பேருக்கு ஹால் டிக்கெட் வந்திருந்தது. உரிமைக்காக ஒரு பரீட்சை போனால் பரவாயில்லை என்று கொளஞ்சியப்பன்தான் வீடு வீடாகப் போய்ச் சொல்லி நிறுத்தியிருந்தார். மூன்று பேர் நின்றுவிட்டார்கள். தங்கமணி மட்டும் அப்பாவுக்குத் தெரியாமல், ஹால் டிக்கெட்டை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு விடியற்காலையில் ஏரிக்கு வந்தாள். வரச்சொல்லி அவளிடம் தண்ணீர்ப் பைப்படியில் ரகசியமாகச் சொன்னதே கண்ணகிதான். சொல்லச் சொன்னது தெய்வசிகாமணி.

"அவ அப்பனுக்குப் பயந்துக்கினா வாய மூடிக்கினு நின்ன?" என்று கண்ணகி கேட்டாள்.

அவர் துண்டுகளைச் சுவர் ஓரமாகச் சாத்தினார். சரிந்த ஒன்றை நிமிர்த்தி வைத்தார்.

"அந்தப் பொண்ணு இறங்கறப்ப இன்னா சொல்லிச்சு தெரியுமா? எங்கப்பன எதுத்துக்கினு மொத தடவையா ஒரு காரியம் பண்றேண்ணா, எனக்கே என்னப் புடிச்சிருக்குதுன்னிச்சு. அது அப்பிடியே இருக்கட்டும்னுதான் சொல்லல."

"ஊரு புள்ளைங்கள நிறுத்திப்புட்டு அவுரு பொண்ணு மட்டும் போனதுக்கு ஊரு காறித் துப்பியிருக்கும் இல்ல?"

"துப்பியிருக்கும். யாரு சொல்லி ஏத்திக்கினு போனன்னும் கேட்டிருக்கும், அந்தப் பொண்ணுக்கும் தெரிஞ்சிருக்கும்."

"இன்னா தெரிஞ்சிருக்கும்?"

"அதுக்கு மொத நாளு மத்தியானம் கொல்லைக்கு வந்து, எம்பொண்ண எப்பிடியாச்சும் அக்கர சேத்துடு, நான் சொன்னேன்னு மட்டும் அதுக்குத் தெரிய வேணாம்னு என் கையப் புடிச்சிக்கினதே அவ அப்பன்தான்னு."