கேள்வி கேட்காத பணம்

யார் வந்தாலும் விறைப்புக் குறையாத அறக்கட்டளை அதிகாரி, விண்ணப்பத்தை மூடினார்.

"இளம் பெற்றோருக்கு மாசாமாசம் பணம், அதுவும் கேள்வி கேக்காம! சோம்பேறியாயிட மாட்டாங்களா?"

எதிரே அமர்ந்திருந்த பெண்மணி அசரவில்லை. "ஒரு குடும்பத்துக்கு ரெண்டு வருஷம் குடுத்துப் பாத்தாச்சு."

"அப்பன்காரன் நல்லாத் தூங்கியிருப்பான்!"

"கைக்குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டே படிச்சுப் பரீட்சை எழுதினார். இப்போ பெரிய உத்தியோகம்."

"கட்டுக்கதை! ஆளைக் காட்டுங்க, இப்பவே கையெழுத்துப் போடறேன்."

பெண்மணி பழைய மணியார்டர் ரசீதுகளை மேசையில் பரப்பினார். எல்லாவற்றிலும் அதிகாரியின் மனைவி பெயர்!

அதிகாரி முகத்தில் ஈயாடவில்லை. "அத்தை... அவ சேமிப்புன்னுல்ல சொன்னா!"

"உண்மையைச் சொன்னா உங்களுக்கு ரோஷம் வந்துடுமாம்" என்று பேனாவை நீட்டினார் பெண்மணி. "போடுங்க மாப்பிள்ளை, கையெழுத்தை!"