பச்சை மில்

"ஏமாத்தறதுக்கு உங்களுக்கு எங்கப்பாதான் கெடைச்சாருங்களா?"

கெசியா இரண்டு சின்ன பெயிண்ட் டப்பாக்களைக் கடை மேசைமேல் ஓங்கி வைத்தாள். போத்தனூர் கடைவீதியில் இருந்த அந்தப் பெயிண்ட் கடைக்குச் சாமான் வாங்க வந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கடைக்காரர் முஸ்தபா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "மெர்வின் சார் பொண்ணுங்களா? என்னாச்சு அம்மிணி?"

அவள் செல்போனை நீட்டினாள். படத்தில், ஒரு மேசை அளவே உள்ள, பொம்மை ரயில் ஓடும் குட்டி ஊர். தண்டவாளத்தை ஒட்டி ஒரு பஞ்சாலை. உயரமான புகைபோக்கி, வரிசை வரிசையாகச் சன்னல்கள், ரம்பப் பல் போலக் கூரை. சுவரில் ஒவ்வொரு செங்கல்லும் தனித்தனியாகத் தெரிந்தது.

செங்கல் அத்தனையும் பச்சை. ஆலையைச் சுற்றியிருந்த புல்தரை மட்டும் செக்கச்செவேல் என்று இருந்தது.

"ரெண்டு மாச வேலைங்க பாய். துண்டு துண்டா வந்த பிளாஸ்டிக்கை வெட்டி, உப்புத்தாள் போட்டுத் தேச்சு, ஒட்டி, பெயிண்ட் அடிச்சிருக்காரு. சன்னல் மட்டும் நூத்திப் பதினாறு. இன்னிக்குக் காலைல சர்ச் ஹால்ல கண்காட்சி. நான் உடுமலைப்பேட்டையிலிருந்து நேரா அங்கதான் போனேன். உள்ள நுழையறப்பவே ஒரே சிரிப்பு."

அவள் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். "'மில்லுக்குப் பாசி புடிச்சிருச்சு, புல்லு வெக்கத்துல செவந்துபோச்சு'ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிக்கறாங்க. எங்கப்பா மூஞ்சியக் கையால மூடிட்டு உக்காந்திருந்தாருங்க."

"சார் என்ன சொன்னாருங்க?" என்று மெதுவாகக் கேட்டார் முஸ்தபா.

"அடிக்கறப்ப கலர் சரியாத்தான் இருந்துச்சாம். காஞ்சதுக்கப்புறம் இப்படி மாறிப்போச்சாம். காஞ்சா மாறுற பெயிண்டையா விப்பீங்க?"

பிரஷ் வாங்க வந்திருந்த பெயிண்டர் நஞ்சப்பன் சிரித்துவிட்டார். "ஏனுங்க அம்மிணி, காஞ்சா செவப்பு பச்சையாகுமா? முப்பது வருசமா பெயிண்ட் அடிக்கறேன், நான் பாத்ததில்லீங்களே."

"நஞ்சப்பா, நீ சித்த சும்மா இரு."

முஸ்தபா டப்பாக்களைக் கையில் எடுத்தார். மேலே எதுவும் எழுதாத மூடிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒன்றை லேசாகத் திறந்து உள்ளே பார்த்துவிட்டு, உடனே அழுத்தி மூடினார்.

"நான் ஊர்ல இல்லாத வாரம் வந்து வாங்கிட்டுப் போயிருக்காரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"யாரு குடுத்தா என்னங்க? கடை உங்களுதுதானே? செங்கலுக்கும் புல்லுக்கும் வித்தியாசம் தெரியாதவங்களுக்குப் பெயிண்ட் கடை எதுக்குங்க?"

முஸ்தபாவின் முகம் சிவந்தது. டப்பாக்களை மேசைக்கு அடியில் தள்ளி வைத்தார்.

கெசியா விடவில்லை. "எங்கப்பா யாரையும் ஒரு சொல்லுச் சொல்ல மாட்டாருங்க. ரயில்வேல எஞ்சின் டிரைவர் வேலைக்கு செலக்ட் ஆகியும், தங்கச்சிங்க ரெண்டு பேரையும் தனியா உட்டுட்டுப் போக மாட்டேன்னு அந்த வேலையவே உதறிட்டு வந்த மனுசன். அப்பேர்ப்பட்டவரை ஊரே சிரிக்கற மாதிரி பண்ணிப்போட்டீங்களே!"

முஸ்தபா தலையைக் குனிந்துகொண்டார்.

"தப்பு என்னுதுதான் அம்மிணி. அந்தச் சரக்கு சரியில்ல. நான் மன்னிப்புக் கேட்டேன்னு அப்பாகிட்டச் சொல்லுங்க."

நஞ்சப்பன் அவரை விநோதமாகப் பார்த்தார். கெசியா விடுவிடுவென்று வெளியேறினாள்.

வீட்டில் மெர்வின் சன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பஞ்சைத் தின்னரில் நனைத்து, ஆலைச் சுவரிலிருந்த பெயிண்டை அழித்துக்கொண்டிருந்தார். மனைவி இறந்தபின் தனியாக இருக்கும் அவருக்கு, பள்ளிக்கூட நூலக வேலையிலிருந்து ஓய்வு பெற்றது முதல் இந்தக் குட்டி ரயில்தான் துணை.

"பெயிண்ட் கடை பாயை நல்லாக் கேட்டுட்டு வந்துட்டேனுங்கப்பா" என்றாள் கெசியா.

பஞ்சு அப்படியே நின்றது. "யாரக் கேட்டு நீ அங்க போன? பாய் என்ன சொன்னாரு?"

"என்ன சொல்றது? தப்பு என்னுதுதான், சரக்கு சரியில்லன்னு அத்தனை பேர் முன்னாடியும் ஒத்துக்கிட்டாரு. தலையே நிமிரலீங்கப்பா."

மெர்வின் பஞ்சைக் கீழே வைத்தார். பிறகு எழுந்து கொடியில் கிடந்த சட்டையை எடுத்தார்.

"எங்கீங்கப்பா கெளம்பிட்டீங்க?"

"பாய்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

"ஏமாத்துனது அவருங்கப்பா. மன்னிப்பு நீங்க கேக்கறீங்களா?"

"அவரு யாரையும் ஏமாத்தல கண்ணு. எப்பவும் மூடிமேல 'செங்கல்', 'புல்லு'ன்னு எழுதித்தான் குடுப்பாரு. இந்தத் தடவ எழுத்து இல்ல. நாந்தான் மாத்தி அடிச்சுப்போட்டேன்."

கெசியாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "எழுத்து எதுக்குங்கப்பா? பாத்தாத் தெரியாதா?"

அவர் மகளின் முகத்தைப் பார்க்காமல் வாசலைப் பார்த்தார். "உங்க அத்தைங்களுக்காகன்னு சொன்னதெல்லாம் பொய்யி கண்ணு. ரயில்வே வேலைய நானா உட்டுட்டு வரல. அது பாய் ஒருத்தருக்குத்தான் தெரியும்."

"அப்புறம் எதுக்குங்கப்பா வந்தீங்க?"

"செவப்பும் பச்சையும் ஒண்ணாத் தெரியறவன எஞ்சின் ஓட்ட உட மாட்டாங்க கண்ணு."